நடுக்கம் யார் கணக்கில்?

காலை பதினொரு மணி. கலசப்பாக்கத்தில் செய்யாற்றங்கரைக்குப் பக்கத்துத் தெரு. தலையை நிமிர்த்தினால் பர்வதமலை தெரியும். ஆனால் தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருப்பவருக்கு நிமிர நேரமில்லை. ஐம்பத்திரண்டு வயது. சுகர் என்று தெரிந்து ஒன்பது வருடம். ஆரணிப் பட்டில் ஒரு சேலை பாதி ஓடியிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் மீதியை முடித்துக் கொடுத்தால்தான் கூலி. நாடாவை இழுக்கும் கை திடீரென்று நடுங்குகிறது. நெற்றியில் வேர்வை. நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொள்கிறது.

“இன்னாங்க, கை நடுங்குது?” என்கிறார் திண்ணையில் தார் சுற்றிக்கொண்டிருக்கும் மனைவி.

“சுகர் எறங்கியிருக்கும், ஒரு முட்டாய் குடு” என்கிறார் எதிர்வீட்டுக்காரர். “கெடு வச்சு நெய்யச் சொன்னா நடுங்காம என்ன செய்யும்?” என்கிறார் மாமியார். மூன்றாவதாக ஒரு விளக்கமும் உண்டு. அதை வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் துணிவில்லை. அது இதயம்.

இவர் கற்பனை மனிதர்தான். ஆனால் இவரைப் போன்றவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வெளியானபோது, இந்தியாவில் சர்க்கரை நோயுள்ளவர்கள் சுமார் 10 கோடிப் பேர் என்றது. தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதம். அதாவது ஏழு பேரில் ஒருவர். தறிகள் வரிசையாக ஓடும் ஒரு தெருவில் அது எத்தனை வீடு என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நீண்டகால நோயோடு வாழும் ஒருவரின் உடம்பில் மனஅழுத்தம் என்னென்ன செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டுமானால், இந்த நடுக்கத்திலிருந்து தொடங்குவதே சரி. திண்ணையில் நடக்கும் விவாதத்துக்கு உடலியல் தரும் பதில் சற்று விநோதமானது. எதிர்வீட்டுக்காரர், மாமியார் இருவரும் சொன்னது சரியாக இருக்கலாம். ஏனென்றால் இரண்டு காரணங்களுக்கும் உடம்பு ஒரே ஆளைத்தான் தூது அனுப்புகிறது.

ரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே சரியும்போது மூளை பதறுகிறது. மூளைக்குச் சர்க்கரைதான் முதன்மையான எரிபொருள். சேமித்து வைத்துக்கொள்ளவும் அதற்கு இடமில்லை. உடனே பரிவு நரம்பு மண்டலத்தை முடுக்குகிறது. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து அட்ரினலின் கொட்டுகிறது. கல்லீரலே, இருப்பை அவிழ்த்துவிடு என்பது அதன் உத்தரவு. போகிற போக்கில் அது இதயத்தை விரட்டும், கையை நடுங்க வைக்கும். அதே நரம்பு மண்டலம் வேர்வைச் சுரப்பிகளையும் திறந்துவிடும். வெள்ளிக்கிழமைக் கெடுவை நினைத்துப் பயந்தாலும் இதே நரம்பு, இதே சுரப்பி, இதே அட்ரினலின். கையில் தெரிகிற நடுக்கத்தைப் பார்த்து அது எந்த வீட்டிலிருந்து புறப்பட்டது என்று சொல்ல, அந்தக் கைக்குச் சொந்தக்காரராலேயே முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பல மாதங்களாகச் சர்க்கரை 300-லேயே நின்று பழகிய உடம்புக்கு 300 தான் இயல்பு என்று ஆகிவிடுகிறது. மாத்திரையைக் கூட்டி அது 110-க்கு வந்தால், ஆரோக்கியமானவருக்கு அது சாதாரண அளவு; இவருக்கோ தாழ்சர்க்கரையின் அறிகுறிகள் வரலாம். இனிப்பை வாயில் போட்டுக்கொள்வார். படபடப்பு நிற்கும். சர்க்கரை மறுபடி ஏறும். ‘மாத்திரை ஒத்துக்கல’ என்று அடுத்த வாரம் நிறுத்தியும் விடுவார்.

கவலைக்கும் சர்க்கரைக்கும் முடிச்சுப் போட்டது இன்றைய மருத்துவம் இல்லை. 17-ஆம் நூற்றாண்டு ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ், நீடித்த துக்கம் நீரிழிவைக் கொண்டுவரும் என்று எழுதினார். அது அனுபவத்தில் பிறந்த ஊகம். சோதனைச் சான்று கிடைக்க ஏறக்குறைய 200 ஆண்டுகள் ஆயின. 1849-இல் பிரெஞ்சு உடலியலாளர் கிளாட் பெர்னார், முயலின் மூளையடியில் குறிப்பிட்ட ஓரிடத்தில் ஊசியால் குத்தினார். முயலின் சிறுநீரில் சர்க்கரை வந்தது. கணையத்தைத் தொடவில்லை, தீனியை மாற்றவில்லை. சர்க்கரையின் கடிவாளத்தில் ஒரு பிடி மூளையின் கையிலும் இருக்கிறது என்பது அன்று தெரிந்தது.

அடுத்து வந்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வால்டர் கேனன். ‘எதிர்த்து நில் அல்லது ஓடிப்போ’ என்று உடம்பு தயாராவதை விளக்கியவர். பயந்த பூனைகளின் சிறுநீரில் சர்க்கரையைக் கண்டவர், மனிதர்களிலும் பார்த்துவிட ஆசைப்பட்டார். 1913-இல் ஹார்வர்டு கால்பந்து அணியின் கடைசிப் போட்டி. அந்த ஆண்டின் பரபரப்பான ஆட்டம். முடிந்த கையோடு 25 வீரர்களின் சிறுநீரைச் சோதித்தார்கள். 12 பேருக்குச் சர்க்கரை இருந்தது. ஓடி ஆடிய களைப்பு என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்த 12 பேரில் 5 பேர் மைதானத்தில் காலே வைக்காத மாற்று வீரர்கள். ஓரமாக பெஞ்சில் உட்கார்ந்து, கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள்.

அந்த இளைஞர்களுக்கு மறுநாள் எல்லாம் சரியாகிவிட்டிருக்கும். அவர்களின் கணையம் கொஞ்சம் கூடுதலாக இன்சுலினைச் சுரந்து கணக்கை நேர் செய்துவிடும். கலசப்பாக்கத்துக்காரரின் கணையத்துக்கு அந்தக் கூடுதல் இல்லை. நோயில்லாதவரின் உடம்பில் தடம் தெரியாமல் மறைந்துவிடும் ஒரு சண்டை, ஒரு கடன் நோட்டீஸ், ஒரு தூங்காத இரவு, இவர் உடம்பில் மறுநாள் காலை எண்ணாக நிற்கும். போதாததற்கு கார்டிசால் என்று இன்னொரு ஹார்மோன். அட்ரினலின் நொடிக்கணக்கில் வந்து போகிற ஆள் என்றால், கார்டிசால் மணிக்கணக்கில் தங்குகிற விருந்தாளி. கல்லீரலைப் புதிதாகச் சர்க்கரை தயாரிக்க வைக்கும். தசைகள் இன்சுலின் பேச்சைக் கேட்காமல் செய்யும். முதல் நாள் வாயைக் கட்டியும் காலையில் 210 காட்டுகிறது என்று ஒருவர் சத்தியம் செய்தால், டாக்டர் சிரிக்காமல் கேட்பது நல்லது. கவலையும் தூக்கமின்மையும் அதில் கைவைத்திருக்கலாம்; விடியற்காலையில் இயல்பாகவே ஏறும் ஹார்மோன்களுக்கும் பங்குண்டு.

‘ஸ்ட்ரெஸ்’ என்ற சொல்லை மருத்துவத்தில் பரவலாக்கிய ஹான்ஸ் செல்யேயின் கதை நாள்பட்ட நோயாளிகளின் படுக்கையோரத்தில்தான் தொடங்குகிறது. வியன்னாவில் 1907-இல் பிறந்தவர். 1920-களில் பிராக் நகரில் மருத்துவ மாணவர். பேராசிரியர் வெவ்வேறு நோயாளிகளை வரிசையாகக் காட்டி, ஒவ்வொரு நோய்க்கும் உரிய தனி அடையாளத்தை விளக்கினார். மாணவரின் கண்ணோ வேறொன்றைப் பார்த்தது. நோய் எதுவானாலும் எல்லோரும் சோர்ந்திருந்தார்கள், உடம்பு வலி என்றார்கள், பசியில்லை என்றார்கள், நாக்கில் வெள்ளை படிந்திருந்தது. ‘நோயாளியாக இருப்பது’ என்பதற்கே ஒரு பொது முகம் இருக்கிறதே என்று தோன்றியது. பாடப்புத்தகத்தில் அதற்கு இடமில்லை. பின்னர் கனடாவின் மான்ட்ரியலில் எலிகளைக் குளிருக்கும் காயத்துக்கும் நச்சுக்கும் உள்ளாக்கியபோது, துன்பம் எதுவானாலும் விளைவு ஒன்றாக இருந்தது: அட்ரினல் சுரப்பி வீங்கியது, நோயெதிர்ப்புக்கான தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண் வந்தது. 1936-இல் ‘நேச்சர்’ இதழில் வெறும் 74 வரிகளில் அதை எழுதினார்.

செல்யேயின் கதையில் ஒரு கறையும் உண்டு. அவருடைய ஆராய்ச்சிக்குப் புகையிலை நிறுவனங்கள் பணம் கொடுத்தன என்பதைப் பின்னாளில் வெளிவந்த அந்நிறுவனங்களின் ஆவணங்கள் காட்டின. மாரடைப்புக்குக் காரணம் சிகரெட் இல்லை, மனஅழுத்தம் என்று யாராவது பேசினால் அவர்களுக்கு லாபம். ‘எல்லாத்துக்கும் டென்ஷன்தான் காரணம்’ என்ற வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம், அதைச் சொல்வதால் யாருக்கு வசதி என்று ஒரு கணம் யோசிப்பது கெட்ட பழக்கமில்லை.

அமெரிக்க நரம்பியலாளர் புரூஸ் மெக்யூவன் 1993-இல் எலியட் ஸ்டெல்லருடன் சேர்ந்து இந்தச் சிந்தனையை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனார். அழுத்தம் வருவதில் ஆபத்தில்லை. உடம்பு அதற்காகவே படைக்கப்பட்டது. வந்தது போகாமல் நிற்பதுதான் சிக்கல். நெசவாளருக்கு இதை விளக்குவது சுலபம். பாவில் இழுப்பு இல்லாவிட்டால் நெய்யவே முடியாது. அதே இழுப்பை அளவுக்கு மீறி ஏற்றி, இரவும் பகலும் தளர்த்தாமல் விட்டால் பட்டு இழை பொறுக்காது. மெக்யூவன் இதற்கு வைத்த பெயர் ‘சுமை’. ரத்த அழுத்தம், சர்க்கரை, வயிற்றுக் கொழுப்பு, தூக்கம் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் படியும் தேய்மானம். நாள்பட்ட நோய் என்பது தானாகவே தினம் இழுக்கும் ஒரு கை. தினம் மாத்திரை, தினம் பத்தியம், தினம் ‘இன்னிக்கு எவ்வளவு காட்டுமோ’ என்ற பயம். அதற்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

உடம்பில் அது எங்கெல்லாம் தெரிகிறது? முதலில் கழுத்திலும் தோளிலும். பதற்றத்தில் தசைகள் அடிபடப்போவதை எதிர்பார்த்ததுபோல் இறுகும். தோள் காதை நோக்கி உயரும். தூக்கத்தில் பல் கடிப்பார்கள். காலையில் தாடை வலிக்கும், தலை கனக்கும். இங்கே நம் நெசவாளர் வழக்கை மேலும் சிக்கலாக்குகிறார். குனிந்த தலையோடு ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை நாடா கயிற்றை இழுப்பவருக்குத் தோள் வலிப்பது தொழிலால். சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள் மூட்டு இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகம், அது நோயால். கவலையால் இறுகிய தசை மூன்றாவது. மூன்றும் ஒரே தோளில். தைலம் எதற்குத் தேய்ப்பது?

காலிலும் இதே கதைதான். மிதியை மிதிக்கும் பாதத்தில் எரிச்சல், மதமதப்பு, ராத்திரியில் குடைச்சல் என்றால் நரம்புகள் சர்க்கரையால் சேதமாவதன் அடையாளமாக இருக்கலாம். கவலை அந்தச் சேதத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் தூங்காத மூளைக்கு அதே எரிச்சல் இரண்டு மடங்காகக் கேட்கும். வலி எங்கிருந்து வருகிறது என்பது ஒன்று. எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பது வேறொன்று. இரண்டாவதை மனநிலை கூட்டும், குறைக்கும். அதனால் வலி பொய்யாகிவிடாது.

வயிறு தனி உலகம். கேனன் மாணவராக இருந்த 1890-களிலேயே, புதிதாக வந்திருந்த எக்ஸ் கதிர் கருவியில் பூனையின் இரைப்பை அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை மிரண்டால் இரைப்பை அப்படியே நின்றுவிடும். அமைதியானதும் மறுபடி அசையும். உயிரைக் காக்க ஓடும் உடம்புக்கு ஜீரணம் அவசரமில்லை. வருடக்கணக்கில் சர்க்கரை ஓங்கியிருந்தால் இரைப்பைக்குப் போகும் நரம்பே தளர்ந்து, நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்த மாதிரி ஆகும். மந்தம், ஏப்பம், குமட்டல் எல்லாவற்றுக்கும் நம் ஊரில் ஒரே பெயர்: கேஸ்.

அந்தப் பெயரில்தான் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. நரம்பு தளர்ந்த சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலே வரலாம். வேர்த்துக் கொட்டும், மூச்சு வாங்கும், குமட்டும், தாடையோ இடது கையோ கனக்கும். அவ்வளவுதான். ‘டென்ஷன்ல கேஸ் புடிச்சிருக்கு’ என்று ஓமத்தண்ணீர் குடித்துப் படுத்துவிடுபவர் இழப்பது பொன்னான நேரத்தை. உழைக்கும்போது வந்து, உட்கார்ந்தால் குறையும் நெஞ்சுக் கனமோ, இதுவரை வராத மூச்சுத் திணறலோ, மயக்கமோ, ஒரு பக்கக் கை கால் சோர்வோ இருந்தால் அதை மனத்தின் கணக்கில் எழுதும் உரிமை யாருக்கும் இல்லை. மருத்துவர் ஈ.சி.ஜி. உள்ளிட்ட சோதனைகளைப் பார்த்து, மாரடைப்போ பக்கவாதமோ இல்லை என்று சொன்ன பிறகுதான் மற்றப் பேச்சு.

மனத்தின் மேல் பழிபோட்டு மருத்துவம் ஏமாந்த வரலாறும் பெரிது. இரைப்பைப் புண் என்றால் கவலையும் காரமும் என்று பல பத்தாண்டுகள் பாடம் நடந்தது. 1980-களில் ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைக் காட்டினார்கள். மார்ஷல் அதைத் தானே குடித்தும் பார்த்தார். 2005-இல் நோபல் பரிசு. நம் ஊரிலேயே ஒரு சான்று இருக்கிறது. காசநோய்க்கு ஓய்வும் நல்ல காற்றும் அமைதியும் வேண்டும், ஆகவே சானடோரியம் வேண்டும் என்று உலகம் நம்பியிருந்த காலம். 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்து சிகிச்சை மையத்தில், 193 ஏழை நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்துக்கும் மறு பாதியை நெருக்கடியான தங்கள் வீட்டுக்கும் அனுப்பி, இரு தரப்புக்கும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தார்கள். அரைவயிற்றுச் சாப்பாடு, வேலை, இரைச்சல், குடும்பக் கவலை எல்லாவற்றோடும் வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறினார்கள். 1959-இல் வெளியான அந்த முடிவு உலகெங்கும் சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்தது. மருந்து ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால், மன அமைதி இல்லாத வீட்டிலும் நோய் அடங்கும். மனத்தைச் சரி செய்தால் மாத்திரை வேண்டாம் என்று சொல்லும் பேச்சாளர்களிடம் அந்த 193 பேரைப் பற்றிச் சொல்லலாம்.

அழுத்தம் பொய் என்று இதற்குப் பொருளில்லை. அதன் இடம் எது என்பதுதான் கேள்வி. அந்த இடத்தை அழகாகக் காட்டிய ஆய்வு நோயாளிகளைப் பற்றியதுகூட இல்லை. அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களைப் பற்றியது. 1995-இல் அமெரிக்காவில் ஜானிஸ் கீகோல்ட் கிளேசரும் குழுவினரும், மறதி நோயுள்ள உறவினரைக் கவனித்துவந்த 13 பெண்களின் கையில் 3.5 மில்லிமீட்டர் அகலத்தில் சிறு காயம் ஏற்படுத்தி, ஆறுவதற்கு எத்தனை நாள் என்று பார்த்தார்கள். அதே வயதுடைய மற்ற 13 பெண்களைவிட இவர்களுக்குச் சராசரியாக 9 நாள் அதிகம் பிடித்தது. எண்ணிக்கை சின்னதுதான், ஆனால் மனச்சுமையைச் சதையில் அளந்து காட்டியது. 2004-இல் எலிசா எபெலும் எலிசபெத் பிளாக்பர்னும், நீண்டகால நோயுள்ள குழந்தைகளை வளர்க்கும் தாய்மார்களை ஆராய்ந்தார்கள். அழுத்தத்தை மிக அதிகமாக உணர்ந்தவர்களின் செல்களில் குரோமோசோம் நுனிகளான டெலோமியர்கள், பத்து வயதாவது கூடினாற்போலத் தேய்ந்திருந்தன.

திண்ணையில் தார் சுற்றும் அந்த அம்மாவை இதுவரை யாரும் கவனிக்கவில்லை. அவருக்கு முந்தின இரவு தலைவலி. ஒரு வீட்டில் இரண்டு சமையல், மாத்திரை ஞாபகம், நெசவாளர் சங்கத்துக்கு நடை, புருஷன் கால்விரலில் புண் இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. கேட்டால் ‘எனக்கு இன்னா, நான் நல்லாதான் கீறேன்’ என்பார். பிரஷர் பார்த்து வருஷங்கள் இருக்கும்.

சர்க்கரை நோய் தரும் மனச்சுமையை மனச்சோர்வு நோயிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர்கள் உணர்ந்ததும் அந்த 1995-ஆம் ஆண்டில்தான். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் போலன்ஸ்கி குழுவினர் 20 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். நோயை நினைத்தால் பயமாக இருக்கிறதா, சாப்பாட்டில் எதையோ இழந்த மாதிரி இருக்கிறதா, தினமும் கவனித்துக் கவனித்துச் சலித்துவிட்டதா என்ற ரீதியில் போகும். பலருக்கு முதல்முறையாக யாரோ சரியான கேள்வியைக் கேட்டாற்போல இருக்கும். நம் புறநோயாளிப் பிரிவுகளில் வரிசை நீளும் நீளத்துக்கு 20 கேள்விக்கு நேரமேது என்பது நியாயமான மறுப்பு. ஒன்றாவது கேட்கலாம்.

கேட்டு என்ன பயன்? 2002-இல் டியூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் சர்விட் குழு 108 பேரிடம் சோதித்தது. ஒரு பாதிக்குச் சர்க்கரை நோய்ப் பாடம் மட்டும். மறு பாதிக்கு அதோடு தசைகளைத் தளர்த்துவது, மூச்சை நிதானப்படுத்துவது போன்ற பயிற்சி. ஓராண்டு கழித்து, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி அளவு பயிற்சி பெற்றவர்களிடம் 0.5 சதவீதப் புள்ளி குறைந்தது. அற்புதம் இல்லை. மாத்திரையை நிறுத்தப் போதாது. ஆனால் செலவில்லாத ஒன்றுக்கு மோசமான பலனும் இல்லை. நிமிடத்துக்கு ஆறு முறை என்ற அளவில் மெதுவாக மூச்சை விடும்போது, வேகஸ் நரம்பு இதயத்தின் கடிவாளத்தைக் கொஞ்சம் இழுக்கிறது. தறிக்குழியில் உட்கார்ந்தபடியே செய்யலாம்.

மூச்சுப் பயிற்சியால் வெள்ளிக்கிழமைக் கெடு தள்ளிப்போகாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கூலி துண்டுக் கணக்கில் வருகிறவருக்கு ஆஸ்பத்திரி வரிசையில் நின்ற நாள் நெய்யாத நாள். அந்த அழுத்தத்தைக் குறைப்பது மூச்சு இல்லை, நிர்வாகம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. அதை மனநலத் திட்டம் என்று யாரும் சொல்வதில்லை. மாத்திரை தீர்ந்துவிட்டதே, நாளைக்கு யார் போவது என்ற கவலை போனதையும் யாராவது அளந்து பார்க்கலாம்.

திரும்பவும் அந்தத் தறிக்கு. கை இன்னும் நடுங்குகிறது. மிட்டாய் இன்னும் வாய்க்குப் போகவில்லை. மகள் வாங்கிக் கொடுத்த குளுக்கோமீட்டர் அலமாரியில் இருக்கிறது. மனைவி எடுத்து வருகிறார். விரல் நுனியில் ஒரு சொட்டு. 186. நெஞ்சில் கனமில்லை, மூச்சு வாங்கவில்லை, நடந்து பார்த்தாலும் ஒன்றுமில்லை. இது பெரும்பாலும் அட்ரினலினின் வேறு கதை. மிட்டாய் டப்பாவுக்குத் திரும்புகிறது. ஒரு சொம்புத் தண்ணீர், கொஞ்ச நேரம் குழிக்கு வெளியே. ‘சனிக்கிழமைக்குத் தரேன்னு சொல்லிட்டு வரட்டுமா?’ என்று அவர் கேட்கிறார். மனைவி செருப்பை மாட்டிக்கொள்கிறார், தானே போய்ச் சொல்லிவிட்டு வர.

அடுத்த வாரம் ஒரு நாள். வெள்ளிக்கிழமை இல்லை, கெடு எதுவும் இல்லை. காலையில் மாத்திரை போட்டுவிட்டு, பாவு பிணைக்கும் மும்முரத்தில் சாப்பிட மறந்திருந்தார். அதே நடுக்கம், அதே வேர்வை. ‘டென்ஷன்தான், மூச்சு இழுத்து விடு’ என்கிறார் இப்போது விஷயம் தெரிந்துவிட்ட எதிர்வீட்டுக்காரர். மீட்டரில் 58. மனைவி ஒன்றும் பேசாமல் உள்ளே போய் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொண்டுவருகிறார். கால் மணி நேரம் கழித்து மறுபடி ஒரு சொட்டு. 94. பிறகு நாலு இட்லி.